செத்துப் பிழைத்தவனிடம் என்ன மிச்சம்?

மூன்று வருடமாக சனிக்கிழமை ராத்திரிகளில் நாங்கள் ஐந்து பேர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம். நான் கேம் மாஸ்டர். குகை, கோட்டை, பூதம், வழிப்போக்கன் எல்லாம் என் பொறுப்பு. மற்ற நாலு பேருக்கும் ஆளுக்கு ஒரு பாத்திரம். கொஞ்ச நாள் முன்னால் ஒரு சண்டையில் எங்கள் முன்வரிசை வீராங்கனை நாலு தடவை விழுந்தாள், நாலு தடவை எழுந்தாள். விழுந்தால் மயக்கம். பின்னால் நிற்கும் பூசாரி ஒரு வார்த்தை சொன்னால் எழுச்சி. எழுந்து ஒரு வெட்டு, திரும்ப ஒரு அடி, திரும்ப மயக்கம்.

அந்த வீராங்கனையை ஆடுபவர் எங்களில் மூத்தவர், அக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவசர சிகிச்சைப் பிரிவில் ஸ்டாஃப் நர்ஸ். நாலாவது தடவை எழுந்ததும் பகடையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "ஏன் தம்பி, ஐசியூல இருந்து நேரா கிரவுண்டுக்குப் போய் பேட்டிங் ஆடுறாளே, இவளுக்கு ஒண்ணுமே ஆகாதா?"

எல்லாரும் சிரித்தோம். எனக்கு மட்டும் அந்தக் கேள்வி விடவில்லை. தமிழில் செத்துப் பிழைத்தவன் என்று ஒரு பேச்சு உண்டு. அப்படிச் சொன்னால் அந்த ஆள் பழைய ஆள் இல்லை என்று அர்த்தம். ஏதோ ஒன்று போயிருக்கும், இல்லை ஏதோ ஒன்று வந்திருக்கும். எங்கள் வீராங்கனையிடம் எதுவும் போகவில்லை, எதுவும் வரவில்லை. இந்த வெற்றிடம் விதியிலேயே இருக்கிறதா, அல்லது நான் ஆட்டத்தை நடத்தும் விதத்தில் இருக்கிறதா? அதைத் தேடியபோது எடுத்த குறிப்புகள்தான் இந்தப் பதிவு.

ஆடாதவர்களுக்கு ஒரு பத்தி

இந்த வகை ஆட்டத்தில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஹிட் பாயிண்ட் என்று ஒரு எண் உண்டு. அடி விழுந்தால் குறையும், வைத்தியம் செய்தால் ஏறும். இதற்குப் பக்கத்தில் இன்னொரு கணக்கு ஓடும், அதன் பெயர் கண்டிஷன். விஷம் ஏறியவன், கண் தெரியாதவன், பயந்தவன், கீழே கிடப்பவன், மயங்கியவன் என்று ஒவ்வொரு நிலைக்கும் ஒரு பெயரும் அதற்கான தடைகளும் உண்டு. ஹிட் பாயிண்ட் எவ்வளவு என்பதற்கான கணக்கு, கண்டிஷன் எப்படி என்பதற்கான கணக்கு. இந்த இரண்டும் சந்திக்கும் இடம் சாவு. ஹிட் பாயிண்ட் பூஜ்யம் ஆகும்போது ஒரு கண்டிஷன் பிறக்கிறது. அந்தச் சந்திப்பை ஒரு ஆட்டம் எப்படிக் கையாள்கிறது என்று பார்த்தால், சாவைப் பற்றியும் வைத்தியத்தைப் பற்றியும் அது என்ன நினைக்கிறது என்று தெரிந்துவிடும்.

பூஜ்யத்தில் என்ன நடக்கிறது

டி அண்ட் டியின் 5ஆம் பதிப்பு 2014இல் வந்தது. நாங்கள் ஆடுவது அதுதான். அதன் விதி இப்படி. பூஜ்யத்துக்கு வந்தால் மயக்கம். கையில் இருப்பது நழுவும், ஆள் தரையில் விழுவான். ஒவ்வொரு முறை தன் வாய்ப்பு வரும்போதும் 20 முகப் பகடையை உருட்ட வேண்டும். இதற்கு டெத் சேவ் என்று பெயர், நாங்கள் சாவுப் பகடை என்போம். 10 அல்லது அதற்கு மேல் விழுந்தால் வெற்றி, கீழே என்றால் தோல்வி. மூன்று வெற்றி வந்தால் உயிர் நிலைக்கும், மூன்று தோல்வி வந்தால் சாவு. 1 விழுந்தால் இரண்டு தோல்வி. 20 விழுந்தால் ஒரு ஹிட் பாயிண்டோடு கண் திறக்கும். யாரும் உதவாமல் விட்டாலும் பிழைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 60 சதவீதம்.

உயிர் ஊசலாடுவது என்று நாம் சொல்வோமே, அதைப் பகடையில் வடித்தால் இப்படித்தான் இருக்கும். இங்கே எனக்கு எந்தக் குறையும் இல்லை. மேசையில் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தப் பகடையைப் பார்க்கும் நொடி உண்மையிலேயே நல்ல நொடி.

சிக்கல் அடுத்த வரியில் இருக்கிறது. விழுந்தவனுக்கு ஒரே ஒரு ஹிட் பாயிண்ட் கிடைத்தாலும் போதும், மயக்கம் தீரும், வெற்றி தோல்விக் கணக்கு இரண்டும் பூஜ்யத்துக்குத் திரும்பும். இரண்டு தோல்வி வாங்கி சாவின் வாசலில் கிடந்தவனும், இப்போதுதான் விழுந்தவனும், எழுந்ததும் ஒன்றுதான். மிச்சம் இருப்பது தரையில் கிடக்கிறான் என்பதும் கத்தி நழுவிவிட்டது என்பதும் மட்டும். எழுந்து நிற்க நடையில் பாதி செலவாகும். கத்தியைக் குனிந்து எடுத்துக்கொள்ளலாம். சாவு அவனிடம் விட்டுப்போன சுவடு அவ்வளவுதான்.

பூதத்தின் அடி எங்கே போகிறது

இதனால் வைத்தியம் என்ன ஆகிறது என்று ஒரு சின்னக் கணக்கு போடலாம். வீராங்கனையிடம் 3 ஹிட் பாயிண்ட் மிச்சம். எதிரே ஓகர் என்ற பூதம். அதன் தடியடி சராசரியாக 13. பூசாரியிடம் ஹீலிங் வேர்ட் என்ற மந்திரம் இருக்கிறது. 60 அடி தூரத்திலிருந்தே சொல்லலாம், போனஸ் ஆக்‌ஷன்தான் செலவு, முழு வாய்ப்பும் போகாது. முதல் படி மந்திரம், திறமைக்கூட்டல் 3 என்று வைத்தால் சராசரியாக 5.5 ஹிட் பாயிண்ட் ஏறும்.

அடி விழுவதற்கு முன்பே வைத்தியம் செய்தால் 3 என்பது 8.5 ஆகும். பூதம் அடிக்கும், 13 போகும், வீராங்கனை விழுவாள். மந்திரமும் வீண்.

விழட்டும் என்று காத்திருந்தால்? 3இல் 13 அடி. பூஜ்யத்துக்குக் கீழே எண் போகாது. மிச்சம் இருக்கும் 10 அடியும் காற்றில் கரையும். மீந்த அடி அவளுடைய முழு ஹிட் பாயிண்ட் அளவுக்கு இருந்தால் மட்டும்தான் உடனடிச் சாவு. பிறகு பூசாரி மந்திரம் சொன்னால் 5.5 ஹிட் பாயிண்டோடு எழுவாள். அதே மந்திரம், அதே அடி, ஆனால் அவள் நிற்கிறாள்.

ஆக, காயம்பட்டவரைக் காப்பாற்ற நல்ல வழி, அவர் மயங்கி விழும்வரை சும்மா இருப்பது. விதி அப்படிச் சொல்லவில்லை. ஆனால் கணக்கு அப்படிச் சொல்கிறது, கணக்கு தெரிந்தவர்கள் அதைத்தான் செய்வார்கள். எங்கள் பூசாரி நண்பர் கெட்டவர் இல்லை, கெட்டிக்காரர். 2024இல் வந்த திருத்தப் பதிப்பில் இந்த மந்திரத்தின் பகடையை இரட்டிப்பாக்கினார்கள். நம் உதாரணத்தில் சராசரி 8 ஏறும். 3 உடன் 8 சேர்ந்தால் 11. 13 அடிக்கு அப்போதும் விழத்தான் செய்வாள். மருந்தின் அளவைக் கூட்டுவது நல்லதுதான், ஆனால் கோளாறு மருந்தில் இல்லை. பூஜ்யத்துக்குக் கீழே தரை இருக்கிறது, அந்தத் தரை மெத்தையாக இருக்கிறது. அதுதான் கோளாறு.

விஷம் ஏறியவன் நிம்மதியாகச் சாகலாம்

அடுத்து கண்டிஷன் பக்கம் பார்த்தேன். விஷம் ஏறியவனுக்கு இந்த ஆட்டத்தில் என்ன தடை? அடிக்கும் பகடையிலும் திறமைப் பகடையிலும் இரண்டு முறை உருட்டிக் குறைந்ததை எடுக்க வேண்டும். தற்காப்புப் பகடையில் தடை இல்லை. சாவுப் பகடை தற்காப்பு வகையைச் சேர்ந்தது. அதனால் விஷம் ஏறி விழுந்தவனும் ஏறாமல் விழுந்தவனும் ஒரே மாதிரி 55 சதவீத வாய்ப்போடுதான் ஒவ்வொரு பகடையையும் உருட்டுகிறார்கள். உடம்பெல்லாம் விஷம், ஆனால் சாகும் வேளையில் அது ஒரு பொருட்டே இல்லை! கண் போனவன், பயந்தவன் எல்லாருக்கும் இதே கதைதான்.

நேர்மையாகச் சொன்னால் விதிவிலக்குகள் உண்டு. ஆல்கெமிஸ்ட்ஸ் ஃபயர் என்ற எரிதிரவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2014 விதிப்படி அது பட்டவன் தன் ஒவ்வொரு வாய்ப்பின் தொடக்கத்திலும் எரிவான். அணைக்க வேண்டுமானால் ஒரு செயலைச் செலவழிக்க வேண்டும். மயங்கியவன் எப்படிச் செலவழிப்பான்? மயக்கத்தில் இருப்பவனுக்கு எந்தச் சேதம் பட்டாலும் ஒரு தோல்வி. அது 1 ஆனாலும் சரி, 12 ஆனாலும் சரி. ஆக, பகடை உருட்டும் முன்பே ஒரு தோல்வி விழுந்துவிடும். இப்படி ஒரு தடவை நடந்தபோது எங்கள் மேசையில் எல்லாரும் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்கள். கண்டிஷனும் சாவும் தொட்டுக்கொண்டால் ஆட்டம் உயிர் பெறுகிறது என்று எனக்குத் தெரிந்தது அன்றுதான். 5ஆம் பதிப்பில் அந்தத் தொடுகை தற்செயல். யாரோ திட்டமிட்டு வைத்தது மாதிரித் தெரியவில்லை.

சாவுப் பகடையை நேரடியாகத் தொடும் தடை முக்கியமாக ஒன்றுதான்: எக்ஸாஷன், அதாவது சோர்வு. 2014 பதிப்பில் ஆறு படி. மூன்றாம் படியில் தற்காப்புப் பகடையெல்லாம் இரண்டு முறை உருட்டிக் குறைந்ததை எடுக்க வேண்டும். சாவுப் பகடையும் அதில் சேரும். வெற்றி வாய்ப்பு 55இலிருந்து 30 சதவீதத்துக்கு இறங்கும். ஆறாம் படி சாவு. முழு ராத்திரி ஓய்வெடுத்தாலும் ஒரு படிதான் குறையும். உடம்புக்கு நினைவு இருக்கிறது என்று ஒத்துக்கொள்ளும் ஒரே கண்டிஷன் இதுதான். ஆனால் விழுந்து எழுவதற்கும் இதற்கும் விதியில் சம்பந்தமே இல்லை.

பல் இருப்பது கேம் மாஸ்டருக்கு மட்டும்

அப்படியானால் இந்தப் பதிப்பில் யாரும் சாவதே இல்லையா? சாகலாம். மயங்கிக் கிடப்பவனை ஐந்து அடிக்குள் இருந்து அடித்து அடி பட்டால் அது தானாகவே கிரிட்டிகல். கிரிட்டிகல் என்றால் இரண்டு தோல்வி. இரண்டு அடி பட்டால் கதை முடிந்தது, ஒரு சாவுப் பகடைகூட உருட்டத் தேவையில்லை.

அதாவது விழுந்தவன் சாவானா என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பகடை இல்லை. விழுந்தவனை மிருகம் குத்துமா, நிற்பவனைத் தேடிப் போகுமா என்ற முடிவுதான். அந்த முடிவை எடுப்பது கேம் மாஸ்டர். ஒரு வருடம் நான் குத்தவே இல்லை. விழுந்தவர்களைத் தாண்டிப் போவதை என் மிருகங்களெல்லாம் ஒரு மரியாதையாகக் கடைப்பிடித்தன. ஆடுபவர்கள் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள், அதை நம்பியே திட்டம் போட்டார்கள்.

ஒரு ராத்திரி எனக்கு எரிச்சல். நோல் என்ற கழுதைப்புலி மனிதர்கள் கூட்டம். கொலைவெறிக்குப் பேர்போன ஜாதி என்று விதிநூலே சொல்கிறது. நண்பர் ஒருவரின் பாத்திரம் விழுந்தது. எல்லாரும் வழக்கம்போலச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு நோல்களையும் அவன் மேல் ஏவினேன். இரண்டு அடியும் பட்டது. எட்டு மாதம் வளர்த்த பாத்திரம் ஒரு நிமிடத்தில் போனது. விதிப்படி நான் செய்தது சரி. நண்பர் ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த இரண்டு சனிக்கிழமை வரவில்லை. மூன்றாவது வாரம் போன் பண்ணினேன். "பகடை கொன்னிருந்தா ஒண்ணும் இல்லடா, நீதான் கொன்ன" என்றார்.

அந்த வாக்கியத்தில் ஒரு விமர்சனம் முழுசாக இருக்கிறது. சாவின் கனத்தை விதி சுமக்காவிட்டால் அதை ஒரு மனிதன் சுமக்க வேண்டிவரும். ஒரு நண்பன் இன்னொரு நண்பனுக்குச் செய்த காரியமாக அது மாறிவிடும்.

முன்பு எப்படி இருந்தது

பழைய பதிப்புகளைப் புரட்டினேன். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட முதல் ஆட்டத்தில் பூஜ்யம் என்றால் சாவு, இடைநிலை இல்லை. 1979இல் வந்த அட்வான்ஸ்டு பதிப்பின் டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடில் கைகாக்ஸ் ஒரு இடைவெளி கொடுத்தார். பூஜ்யத்தில் மயக்கம், பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு புள்ளி இறங்கும், மைனஸ் 10இல் சாவு. நடுவில் காப்பாற்றினாலும் உடனே எழ முடியாது. கொஞ்ச நேரம் நினைவில்லாமல் கிடந்து, பிறகு குறைந்தது ஒரு வாரம் படுக்கை. மைனஸ் 6க்கோ அதற்கும் கீழேயோ போனவனுக்குத் தழும்போ உறுப்பு இழப்போ வரலாம் என்றும் எழுதினார். ஹிட் பாயிண்ட் என்பது வெறும் சதையும் ரத்தமும் இல்லை, அதிர்ஷ்டமும் திறமையும் சேர்ந்தது என்று விளக்கியதும் இதே கைகாக்ஸ்தான். நிற்கும்வரை அது அதிர்ஷ்டமாக இருக்கலாம், விழுந்துவிட்டால் அது உடம்பு என்பது அவர் கணக்கு.

2000இல் வந்த மூன்றாம் பதிப்பில் அந்த ஒரு வாரப் படுக்கை போனது. ஆனால் மைனஸ் எண்கள் இருந்தன. மைனஸ் 8இல் கிடப்பவனுக்குச் சின்ன வைத்தியம் போதாமல் போகலாம். எவ்வளவு ஆழத்தில் விழுந்தான் என்பது கணக்கில் இருந்தது. 2008இல் வந்த நான்காம் பதிப்பில் வைத்தியம் எப்போதும் பூஜ்யத்திலிருந்தே எண்ணப்பட்டது, ஆழம் போனது. ஆனால் சாவுப் பகடையின் தோல்விகள் அடுத்த ஓய்வுவரை அழியாது. எழுந்தாலும் அந்தக் கோடுகள் தாளில் இருக்கும். 2014இல் அதையும் அழித்தார்கள்.

வரிசையாகப் பார்த்தால் ஒவ்வொரு பதிப்பிலும் விழுந்தவனின் உடம்பிலிருந்து ஒரு நினைவை எடுத்திருக்கிறார்கள். வேண்டுமென்றே செய்த காரியம் இது, காரணமும் இருக்கிறது. வாரம் பூராவும் வேலை பார்த்துவிட்டு மூணு மணி நேரம் ஆட வருபவரை, உன் பாத்திரம் ஒரு வாரம் படுக்கை, நீ வேடிக்கை பார் என்று உட்கார வைப்பது கொடுமை. கதைக்குள் படுக்கையில் இருப்பது பாத்திரம். மேசையில் சும்மா இருப்பது மனுஷன். 5ஆம் பதிப்பு மனுஷன் பக்கம் நின்றது. அதை நான் குறைசொல்ல மாட்டேன்.

நான் போட்ட விதி, பட்ட பாடு

நோல் விவகாரத்துக்குப் பிறகு, குத்துவதை விட்டுவிட்டு விதியைத் திருத்தலாம் என்று நினைத்தேன். பூஜ்யத்துக்கு வரும் ஒவ்வொரு தடவையும் ஒரு படி சோர்வு. இப்படி ஆடுபவர்கள் நிறையப் பேர் உண்டு. கேட்க நியாயமாக இருந்தது. செத்துப் பிழைத்தவனுக்குச் சோர்வு இருக்காதா?

எனக்கு 2006இல் சிக்கன்குனியா வந்தது. காய்ச்சல் ஒரு வாரத்தில் விட்டது. ஆனால் மாடிப்படி ஏறும்போது மூட்டு மாசக்கணக்கில் ஞாபகப்படுத்திக்கொண்டே இருந்தது. அந்த மூட்டுவலிதான் என் புது விதி என்று பெருமையாகச் சொன்னேன்.

இரண்டு சண்டையில் அக்காவின் வீராங்கனை மூன்றாம் படி சோர்வுக்கு வந்துவிட்டாள். நடை பாதி. வெட்டும் பகடையில் குறைந்ததை எடுக்க வேண்டும். வெட்டு படவில்லை, அதனால் சண்டை நீண்டது. சண்டை நீண்டதால் திரும்ப விழுந்தாள். நாலாம் படியில் முழு ஹிட் பாயிண்டும் பாதியானது. பாதி ஹிட் பாயிண்டோடு முன்வரிசையில் நின்றால் விழாமல் என்ன செய்வாள்? இதற்குள் பின்னால் நின்ற மந்திரவாதிக்கு ஒரு கீறல்கூட இல்லை, அவர் ஒரு படி சோர்வுகூட வாங்கவில்லை.

அக்கா சொன்னார்: "தம்பி, முன்னாடி நின்னு அடி வாங்குறது நான். விழட்டும்னு காத்துட்டு நிக்கிறது அவங்க. தண்டனை மட்டும் எனக்கா?"

பதில் இல்லை. யாருடைய முடிவு தப்போ அவரை விட்டுவிட்டு, யார் மற்றவர்களுக்காக முன்னே நின்றாரோ அவரைத் தண்டிக்கும் விதியை நான் எழுதியிருந்தேன். பிறகுதான் ஒரு வித்தியாசம் புரிந்தது. விழுந்து எழுந்தவனிடம் சுவடு விட இரண்டு வழி உண்டு. ஒன்று, அவன் கையைக் கட்டுவது: வெட்ட முடியாது, நடக்க முடியாது. இன்னொன்று, அவனுக்கும் சாவுக்கும் நடுவில் உள்ள தூரத்தைக் குறைப்பது: எல்லாம் செய்யலாம், ஆனால் இனி தவறக் கூடாது. முதல் வழி ஆளைச் சுழலில் தள்ளும். தோற்கத் தொடங்கியவன் மேலும் மேலும் தோற்பான். இரண்டாவது வழி ஆளைத் தள்ளாது, யோசிக்க வைக்கும். என் விதி முதல் ரகம்.

ரத்தமா, உயிரா

இரண்டாவது ரகத்தைத் தேடிப் போனபோது பாத்ஃபைண்டரின் இரண்டாம் பதிப்பைப் பிடித்தேன், 2019இல் வந்தது. ஒரு சின்ன சாகசத்தை அதில் நாலு வாரம் ஆடிப் பார்த்தோம்.

அங்கே சாவதே எண் உள்ள ஒரு கண்டிஷன். பூஜ்யத்துக்கு வந்தால் டையிங் 1, கிரிட்டிகல் அடியில் விழுந்தால் டையிங் 2. ஒவ்வொரு வாய்ப்பிலும் 10 உடன் அந்த எண்ணைக் கூட்டிய இலக்குக்கு எதிராகப் பகடை. வென்றால் எண் இறங்கும், தோற்றால் ஏறும். 4 ஆனால் சாவு. ஆழமாக விழுந்தவனுக்கு ஏறி வருவதும் கஷ்டம்.

அதிலிருந்து மீண்டவனுக்கு வூண்டட் 1 என்ற கண்டிஷன் ஒட்டிக்கொள்ளும். இதனால் வெட்டு குறையாது, நடை குறையாது. அடுத்த தடவை விழுந்தால் மட்டும் அந்த எண் டையிங்கோடு சேரும். முதல் தடவை 1இல் விழுந்தவன், அடுத்து 2இல் விழுவான். அதற்கடுத்து 3. டூம்டு என்று இன்னொன்றும் உண்டு, அது சாவின் வாசலையே 4இலிருந்து 3க்கு, 2க்கு இழுத்து வரும். நம்மூரில் கண்டம் என்று சொல்வார்களே, ஏறத்தாழ அதுதான். இப்போது ஒன்றும் செய்யாது. ஆனால் இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும்.

மற்ற கண்டிஷன்களும் இங்கே சாவைத் தொடுகின்றன. குமட்டல் உள்ளவன் விரும்பினாலும் எதையும் விழுங்க முடியாது, மருந்துக் குப்பியையும் சேர்த்து. தொடர் சேதம் என்று ஒரு வகை உண்டு: தீ, அமிலம், ரத்தப்போக்கு. ஒவ்வொரு வாய்ப்பின் முடிவிலும் அது சேதம் செய்யும். மயங்கியவனையும் விடாது. வாய்ப்பின் தொடக்கத்தில் பகடையில் வென்று டையிங் 2இலிருந்து 1க்கு இறங்கினாலும், முடிவில் ரத்தம் போய் திரும்ப 2. தோற்றிருந்தால் 3, பிறகு ரத்தம், 4. ஒரே வாய்ப்பில் முடிந்துவிடும்.

இரண்டாவது வாரம் அதுதான் நடந்தது. மந்திரவாதி நண்பரின் பாத்திரம் கிரிட்டிகல் அடியில் ரத்தம் கொட்டிக்கொண்டே விழுந்தது, டையிங் 2. இந்த ஆட்டத்தில் விழுந்தவனின் முறை, அவனை வீழ்த்தியவனின் முறைக்குச் சற்று முன்னால் மாற்றப்படும். அதனால் அவன் பகடை உருட்டுவதற்குள் எல்லாருக்கும் ஒரு வாய்ப்பு கிடைக்கும். அக்காவின் பாத்திரம்தான் பக்கத்தில். முதலுதவிக்கு மூன்று செயலில் இரண்டு போகும். விதியில் ஒரு வரி: ஒருவன் சாகும் நிலையிலும் ரத்தப்போக்கிலும் ஒருசேர இருந்தால், எதற்குச் சிகிச்சை என்று உருட்டும் முன்பே சொல்ல வேண்டும். அந்த வாய்ப்பில் ஒன்றுதான் முடியும்.

நான் அந்த வரியைப் படித்ததும் அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ரத்தத்தை நிறுத்துறேன். அது நிக்காம மத்ததெல்லாம் வீண்" என்றார். வென்றார். அந்த வெற்றி தந்த கூடுதல் பகடையில் ரத்தமும் நின்றது. நண்பர் தன் பகடையில் தோற்று டையிங் 3க்குப் போனார். ரத்தம் நிற்காமல் இருந்திருந்தால் அத்தோடு சரி. அடுத்த சுற்றில் பூசாரியின் வைத்தியம் வந்து எழுந்தார். கதாபாத்திரத் தாளில் வூண்டட் 1 என்று பென்சிலால் எழுதினார்.

எழுதிவிட்டு, மூன்று வருடத்தில் முதல் முறையாக, "நான் பின்னாடி போறேன், யாராவது முன்னாடி வாங்க" என்றார். பூசாரி வந்து நின்றார். யாரும் யாரையும் தண்டிக்கவில்லை. நான் எந்த மிருகத்தையும் ஏவவில்லை. தாளில் இருந்த ஒரு எண் அவர்களைக் கூடிப் பேச வைத்தது. ஆட்டம் முடிந்ததும் அக்கா சொன்னது: "மத்ததெல்லாம் விளையாட்டு தம்பி. எதை முதல்ல பாக்குறதுன்னு கேட்டுச்சு பாரு, அது மட்டும் நிஜம்."

குறைகளும் உண்டு

பாத்ஃபைண்டரை நான் கோயில் கட்டிக் கும்பிடவில்லை. வூண்டட் எண் பத்து நிமிடச் சிகிச்சையில் போய்விடும், சண்டை முடிந்து வெற்றிகரமாகக் கட்டுப்போட்டால் சுவடு இல்லை. என் மூட்டுவலிக்கு அங்கேயும் இடம் கிடையாது. ஹீரோ பாயிண்ட் வைத்திருப்பவர் அதையெல்லாம் செலவழித்து, வூண்டட்கூட ஏறாமல் சாவிலிருந்து தப்பலாம். கணக்கும் அதிகம். டையிங், வூண்டட், டூம்டு மூன்றையும் தொடர் சேதத்தையும் நாலு பேருக்குக் கவனிப்பதற்குள் எனக்குக் காபி ஆறிவிடும். கணக்கு பிடிக்காதவர்களுக்கு அது ஆட்டம் இல்லை, ஆடிட்டிங்.

உடம்பின் நினைவைத்தான் முழுசாக வேண்டும் என்றால் வேறு ஆட்டங்கள் இருக்கின்றன. கால் ஆஃப் கதுலுவின் 7ஆம் பதிப்பில், ஒரே அடியில் பாதி ஹிட் பாயிண்ட் போனால் அது பெருங்காயம். பெருங்காயத்தோடு பூஜ்யத்துக்கு வந்தவன்தான் சாகும் நிலையில் இருக்கிறான், அது இல்லாதவனுக்கு மயக்கம் மட்டும். பெருங்காயம் ஆறுவது வாரக்கணக்கு. ஜான் ஹார்ப்பரின் பிளேட்ஸ் இன் த டார்க்கில் காயம் எண்ணே இல்லை, உடைந்த கால் என்று தாளில் எழுதும் ஒரு சொல். அது அழியும்வரை அதோடுதான் வேலை செய்ய வேண்டும். ஆனால் இவை வேறு சுவை, தினமும் பூதத்தோடு சண்டை போடும் கதைக்கு ஒத்துவராது.

நாங்கள் இப்போது பழைய கதைக்கே, 5ஆம் பதிப்புக்கே திரும்பிவிட்டோம். எட்டு மாதப் பாத்திரத்தை இழந்த நண்பரும் புதுப் பாத்திரத்தோடு வருகிறார். ஒரே ஒரு விதியைத்தான் மாற்றினேன், அதுவும் நான்காம் பதிப்பில் இருந்ததுதான்: சாவுப் பகடையின் தோல்விக்கோடுகள் எழுந்தாலும் அழியாது. எங்கள் மேசையில் முழு ராத்திரி ஓய்வுவரை இருக்கும். கை கட்டப்படவில்லை, நடை குறையவில்லை. தூரம் மட்டும் குறைகிறது.

போன வாரம் வீராங்கனை இரண்டு கோடுகளோடு எழுந்தாள். 7 ஹிட் பாயிண்ட். எதிரே ஓகர். பூசாரி நண்பர் பகடையைக் கையில் வைத்துக்கொண்டு, "அக்கா, விழறதுக்கு முன்னாடியே போட்டுடறேன்" என்றார். கணக்குப்படி அந்த மந்திரம் வீணாகியிருக்கலாம். அவர் போட்டார். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. வீராங்கனையை ஒரு கட்டம் பின்னால் நகர்த்தி வைத்துவிட்டு, அடுத்தவருக்கு வாய்ப்பைக் கொடுத்தார்.